புதுப்பெட்டியும் மரம் பார்க்கிற கண்ணும்

அருணகிரிக்குத் தன் சகலை தமிழ்மணியைக் கல்யாணப் பந்தலில் பார்த்த நாளிலிருந்தே ஆகாது. காரணம் கேட்டால் வரிசையாகச் சொல்வான். மலைக்குப் பெண் எடுக்க வந்தவன் போளூர்க்காரன் என்கிற மிதப்போடு வந்தான். சாப்பாட்டைக் கிளறிப் பார்த்தான். மூத்த மருமகனை 'அண்ணா' என்று கூப்பிடவில்லை. தன்னைவிட ஆறு வயது சின்னவன், தோளில் தட்டி 'இன்னா சகலை' என்றான். இதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. அருணகிரி எதையும் மறக்கிற ஆள் இல்லை. மனைவி சசிகலா மறந்துவிடு என்று சொல்லச் சொல்ல, ஊறுகாய்க்கு உப்புப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டி வைத்துக்கொண்டான்.

ஆனால் பகை முற்றியது வேறொன்றில். அருணகிரியின் வீட்டில் பிளேஸ்டேஷன் என்கிற வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. நாலாம் நம்பர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் புளி வியாபாரி முகமது பாயின் மகன் ஆகிப் ஆடி முடித்துச் சலித்த பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து மலைக்குக் கொண்டுவந்தான். மழை பிடித்து வேலை இல்லாத நாட்களில் குதிரையேறிக் காட்டுக்குள் போகிற ஒரு விளையாட்டை ஆடுவான். பெட்டி சூடேறினால் மிக்ஸியில் மிளகாய் அரைக்கிற சத்தம் போடும். பெயின்ட் பிரஷ் வைத்து அதன் தூசியைத் தட்டுவான். பெண்டாட்டியை அவ்வளவு பக்குவமாக நடத்தினானா என்று கேட்காதீர்கள்.

போன வருஷம் வந்த தமிழ்மணி இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சகலை, இது இன்னும் உசுரோட கீதா? இதையெல்லாம் இப்ப யாரு ஆடுறா?" என்று சிரித்தான். அவன் போளூரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். அவனுக்கு அது வெறும் பேச்சு. அருணகிரிக்கு அது, வீட்டுக்குள் வந்து பெற்ற பிள்ளையைக் கூன் என்று சொன்ன மாதிரி.

அன்றிலிருந்து அருணகிரி படிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பு. ஐந்தாம் நம்பர் பெட்டி வாங்குவது வீண் என்று சொல்கிற வீடியோ உலகத்தில் எத்தனை உண்டோ அத்தனையையும், சிக்னல் எடுக்கிற பாறை மேல் உட்கார்ந்து பார்த்தான். வாங்கலாம் என்று சொல்கிற வீடியோ வந்தால் பாதியில் நிறுத்திவிடுவான். ஆக, அவனுக்கு எல்லாம் தெரியும்; தனக்கு வேண்டாதது ஒன்றும் தெரியாது.

அவன் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருணகிரி மரம் பார்க்கிறவன். மலையில் புளியங்காய் பழுக்கும் முன்னாலேயே வியாபாரிகள் மரத்தைப் பேசி முடிப்பார்கள். இந்த மரம் எத்தனை மூட்டை இறக்கும் என்று மரத்துக்காரனும் வியாபாரியும் அடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு கண் வேண்டும். அருணகிரி மரத்தடியில் நிற்பான். ஒரு சுற்று வருவான். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவான். "மூணு மூட்டை. அஞ்சு கிலோ முன்னப்பின்ன" என்பான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. தை பிறந்தால் பங்குனி வரைக்கும் ஊர் ஊராகக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போவார்கள். நிலம் என்று அவனுக்கு இருந்தது ஒரு துண்டு சாமைக் கொல்லை. சோறு போட்டதும் மரியாதை வாங்கித் தந்ததும் அந்தக் கண்தான்.

அவன் சொல்லுக்கு ஏன் அத்தனை மதிப்பு என்றால், நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்த மாமனார் சின்னதம்பியின் பெரிய மரத்துக்கு ஐந்து மூட்டை என்று சொன்னான். மாமனார் ஏழு என்று எதிர்பார்த்திருந்தார். இறங்கியது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. மாமனார் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வாணியம்பாடி முகமது பாய் அன்றிலிருந்து வேறு ஆளின் மதிப்பைக் கேட்டதில்லை. "மாமனாருக்காகப் பொய் சொல்லாத நாக்கு, வேற யாருக்குச் சொல்லும்?" என்று மலை முழுக்கச் சொல்லி வைத்தார். பாய் சொன்னால் மற்ற வியாபாரிகளும் கேட்பார்கள்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அருணகிரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். ஒரு மூட்டை சாமையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்துவதற்குள் வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தமிழ்மணியும் அவன் மனைவி ரம்யாவும் இறங்கினார்கள். பின்னால் ஒரு நாற்பத்து மூன்று அங்குல டிவி. மாமனார் வீட்டுக்குப் பொங்கல் சீராம்! தமிழ்மணியின் கையில் தனியாக ஒரு வெள்ளைப் பெட்டி. ஐந்தாம் நம்பர்.

சாமை மூட்டையைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிகிற வரைக்கும் அருணகிரி பொறுத்திருந்தான். அதுவே பெரிய விஷயம். டிவியைச் சுவரோரம் வைத்து, வெள்ளைப் பெட்டியை மாட்டி, தமிழ்மணி அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்ததும் பொறுமை போய்விட்டது.

"எவ்ளோ குடுத்த?" என்றான் அருணகிரி.

தமிழ்மணி சொன்னான்.

"அதே குதிரை, அதே காடு. நாலுல ஓடுறதுதானே இதுலயும் ஓடுது? சட்டி மாறினா களி ருசி மாறிடுமா?"

"சட்டி ஓட்டையா இருந்தா மாறும் சகலை" என்றான் தமிழ்மணி. ரம்யா சிரித்துவிட்டாள். சசிகலாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பியதை அருணகிரி பார்த்தான்.

"கேம் சீக்கிரம் தொறக்குதுன்னு ஒரு லாரி நெல்லு காசா? நான் டீ குடிச்சிகினே காத்திருக்கிறேன். எனக்கு இன்னா ரயிலா போவுது?"

"தொறக்கிறது வுடுங்க. படம்! படத்தைப் பாருங்க மொதல்ல."

"படத்துல ஒரு மயிரு வித்தியாசமும் கிடையாது. கடைக்காரன் சொல்றத நம்பிகினு நீ வாங்கிட்ட. நீயே கடைக்காரன், உனக்கே ஒருத்தன் நாமம் போட்டுட்டான்."

இப்போது சிரிப்பு மாமனார் பக்கமிருந்து வந்தது. தமிழ்மணியின் முகம் சிவந்தது. "வித்தியாசம் தெரியலைன்னா கோளாறு பொட்டியில இல்ல, கண்ணுல கீதுன்னு அர்த்தம்" என்றான்.

"யார் கண்ணுலடா?" என்று அருணகிரி எழுந்துவிட்டான்.

சரியாக அந்த நேரத்தில்தான் முகமது பாய் வந்து சேர்ந்தார். மாமனாரின் பதினோரு மரத்தையும் அன்று மாலை பார்த்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. வெள்ளைச் சட்டையில் புழுதியோடு பைக்கை விட்டு இறங்கியவரை உள்ளே கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். "இன்னா சத்தம், தெருவரைக்கும் கேக்குது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "என் பையனும் இதேதான் கேக்குறான். வாங்கலாமா வேணாமா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் பார்க்க உட்கார்ந்துவிட்டால் சண்டைக்கு மவுசு கூடிவிடும். தமிழ்மணி ஒரு யோசனை சொன்னான். அருணகிரியின் பழைய பெட்டியையும் கொண்டுவந்து இதே டிவியில் மாட்டுவது. இரண்டு பெட்டியும் உள்ளறையில், வயர் மட்டும் கதவிடுக்கு வழியாக டிவிக்கு. இரண்டிலும் ஒரே விளையாட்டு, ஒரே இடம். ரம்யா அருணகிரியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டுவாள். அவன் டிவியை மட்டும் பார்க்க வேண்டும். மாற்றும்போது கண்ணில் துண்டு.

"எது புதுசுன்னு சரியா சொல்லிட்டீங்கன்னா வித்தியாசம் கீதுன்னு ஆச்சு. 'சகலை சொன்னது சரி, புதுசுதான் நல்லது'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்ல முடியலைன்னா காச தண்ணியில போட்ட கேனயன் நான்தான்னு நானே ஒத்துக்கிறேன். கையால தொட வேணாம், பார்த்தா போதும். கண்ணுதானே உங்க தொழிலு?"

"கொண்டா பாக்கலாம்" என்றான் அருணகிரி. தனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று அப்போது அவன் மனதார நம்பினான். சிக்னல் பாறைமேல் உட்கார்ந்து படித்த படிப்பு அப்படி.

சசிகலா வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியைச் சீலைத்துணியில் சுற்றி எடுத்துவந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்தினார்கள். கோயில் பக்கம் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்ததால் எந்தப் பெட்டியின் சத்தமும் கேட்கவில்லை.

முதல் படம் வந்தது. காட்டுப் பாதை, குதிரை, பக்கத்தில் ஓடை. அருணகிரிக்குப் பழகிய பாதை. ஓடையைத் தாண்டி ஒரு மேடு, மேட்டில் ஒரு பெரிய மரம். ஐந்து வருஷமாக அந்த மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான். நல்லாத்தானே இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

துண்டைக் கட்டினார்கள். அவிழ்த்தார்கள்.

அதே பாதை. அதே ஓடை. அருணகிரி மூச்சை இழுத்தவன் விட மறந்தான். தண்ணீருக்குள் கூழாங்கல் தனித்தனியாகக் கிடந்தது. மேட்டு மரம் பச்சை மொத்தையாக இல்லாமல் இலை இலையாக நின்றது. இலைகளுக்கு நடுவே வெளிச்சம் இறங்கியது. கிளைகளுக்கு அடியில், கொத்துக் கொத்தாக, காய்.

அந்த மரத்தில் காய் உண்டு என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவன் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே மடியில் கணுக்களைத் தொட்டு ஓடியது. கிழக்குக் கிளையில் காய்ப்பு அதிகம், உச்சியில் சொத்தை. ஒன்றரை மூட்டை இறங்கும். அழகாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விட்டால் தேவலை என்று இருந்தது. அடுத்த கணமே 'சகலை சொன்னது சரி' என்கிற மூன்று வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது.

"சொல்லுங்க சகலை. எது புதுசு?" தமிழ்மணியின் குரலில் அத்தனை இளக்காரம்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் அருணகிரி. "ஒரு வித்தியாசமும் இல்ல."

"இன்னொரு வாட்டி பாருங்க."

இன்னொரு முறை காட்டினார்கள். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மொதல்ல வந்தது கண்ணாடி தொடைக்காத மாதிரி இல்ல?" என்றாள். அருணகிரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுதான்" என்றான். மூன்றாவது முறையும் அதையே சொன்னான். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம் வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குக் கத்துகிறது. இவன் வெறும் வயிற்றெரிச்சலுக்குக் கத்தினான்.

"அருணகிரி" என்று பாய் கூப்பிட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்திருந்தார். "எனக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிருக்கு. உனக்கே தெரியும். ரெண்டாவது படத்துல அந்த மேட்டு மரத்துல காய் தொங்குது. மொத படத்துல காயே தெரியல. எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலையா?"

அருணகிரிக்கு இப்போதுதான் விஷயம் எங்கே போய் நிற்கிறது என்று உறைத்தது. ஆனால் பக்கத்தில் தமிழ்மணி நின்றுகொண்டிருந்தான்.

"தெரியல பாய்."

"மரத்துல காய் கீதா இல்லையான்னு, உனக்கு, தெரியல?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப வெளிய வந்து பதினோரு மரம் பாத்து நீ சொல்றத நான் எடுத்துக்கணும். வெளையாட்டு வேற, வியாபாரம் வேறன்னு நான் நெனச்சிக்கலாம். ஆனா கண்ணு ஒண்ணுதானே? கண்ணு போச்சா, நாக்கு போச்சா? ரெண்டுல எதுன்னு சொல்லிடு. கண்ணுன்னா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறேன். நாக்குன்னா அதுக்கு எங்க ஊர்ல வைத்தியம் கிடையாது."

முதலில் பதறியது தமிழ்மணிதான். அவன் ஆணவம் பிடித்தவன், ஆனால் அடுத்தவன் சோற்றில் மண் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறவன் இல்லை. "பாய், அவருக்குத் தெரிஞ்சுது பாய். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வெரல்ல காய் எண்ணிகினு இருந்தாரு. என் மேல கீற கோவத்துல சொல்றாரு" என்றான். பிறகு அருணகிரியின் பக்கம் திரும்பி, "அண்ணா, சொல்லிடுங்கண்ணா. நான்தான் கேனயன், நானே தோத்துட்டேன்னு வச்சிக்கங்க. பாய்கிட்ட மட்டும் தெரியுதுன்னு சொல்லிடுங்க" என்றான்.

ஆறு வருஷமாக அருணகிரி காதில் விழ வேண்டும் என்று ஏங்கிய சொல் அது. விழுந்தது. அது அவனுக்கு இனிக்கவில்லை. பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

"நீ எவன்டா எனக்கு சாட்சி சொல்ல?" என்று கத்தினான். "என் கண்ணுக்கு இன்னா தெரிஞ்சுதுன்னு உனக்குத் தெரியுமா? கடைக்கார நாயி!"

"யோவ்!" என்றாள் சசிகலா.

"எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன் பாய். ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் அருணகிரி. எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனுக்கு, அறுத்த பிறகாவது வலித்திருக்கும். இவனுக்கு அப்போதும் வலிக்கவில்லை.

பாய் எழுந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டு, மாமனாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "சின்னதம்பி, இந்த வருஷம் மதிப்பு வேணாம். காய பறிச்சு எடை போட்டு வைங்க. நான் ஆள் அனுப்பி எடுத்துக்கிறேன். உங்களுக்கு மட்டும் இல்ல, மலை முழுக்க அப்படித்தான் சொல்லப் போறேன். மத்த வியாபாரிங்க கேட்டாலும் இதான் சொல்வேன். எடைக்கல்லுக்கு சகலை கிடையாது."

வாசல் வரைக்கும் மாமனார் கூடப் போனார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அருணகிரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். சசிகலா அவன் எதிரில் வந்து நின்றாள்.

"தெரிஞ்சுதா இல்லையா? என்கிட்ட சொல்லு."

டிவியில் ரம்யா அணைக்காமல் விட்ட ஆட்டத்தில் குதிரை அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தது. அருணகிரி அதைப் பார்த்தான்.

"தெரிஞ்சுது."

"ஒன்றரை மூட்டையா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவன் விரல் ஓடுகிற கணக்கு அத்துபடி. அவள் முகத்தில் கோபமும் அழுகையும் சேர்ந்து நின்றது. "பாய் இன்னும் ரெண்டாவது வளைவு தாண்டியிருக்க மாட்டாரு. குறுக்கு வழியில ஓடினா புடிச்சிடலாம். போய் சொல்லு. பொய் சொல்லிட்டேன் பாய், வீம்புல சொல்லிட்டேன்னு கால்ல விழு. போய்யா!"

அருணகிரி எழுந்தான். செருப்பை மாட்டினான். வேலி வரைக்கும் போனான். குறுக்கு வழி அங்கிருந்து நேராகக் கீழே இறங்குகிறது; ஓடினால் ஐந்து நிமிஷம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வீட்டுக்குள் தமிழ்மணி தெரிந்தான். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஆனால் அருணகிரி கண்ணுக்கு அவன் காத்திருக்கிற மாதிரி பட்டது. தான் ஓடுவதை, மூச்சிரைக்கத் திரும்பி வருவதை, மலையெல்லாம் 'சகலை சொன்னது சரி' என்று ஆகப்போவதைப் பார்க்கக் காத்திருக்கிற மாதிரி.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"இன்னா?" என்றாள் சசிகலா.

"நான் போய் சொன்னா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

சசிகலா அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, பழைய பெட்டியை எடுத்துவரக்கூட நிற்காமல், தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

வாசலிலிருந்து மாமனார் வந்தார். பதினோரு மரத்துக் காயையும் ஆள் விட்டுப் பறித்து, சுமந்து, எடை போட வேண்டும் என்கிற கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது. கூடத்தின் நடுவில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"மாப்ளே, நல்ல தராசு எங்க கிடைக்கும்?"

பெரிய கூடை எடை தாங்குகிற தராசு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அருணகிரிக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தான். மாமனார் தமிழ்மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.